ஒருமணி நேர ஓட்டமும் பயிற்றுநர் பணியும்

மனித உடலின் ஆற்றலுக்கு எல்லை எது என்னும் வினா மிகப் பழமையானது. அவ்வினாவிற்கு விடை காண விளையாட்டுத் துறை பல அளவுகோல்களை வகுத்திருக்கிறது. நூறு மீட்டர் ஓட்டம் விரைவை அளக்கிறது. பாரம் தூக்கும் போட்டி வலிமையை அளக்கிறது. நெடுநேரம் தளராது உழைக்கும் ஆற்றலை, அஃதாவது நீடாற்றலை அளப்பதற்கு அமைந்த அளவுகோல்களுள் மிக எளிமையானதும் மிகக் கடுமையானதும் மிதிவண்டித் துறையில் வழங்கிவரும் ஒருமணி நேரச் சாதனை ஆகும். வட்டமான ஓடுகளத்தில் வீரர் ஒருவர் தன்னந்தனியே ஓடத் தொடங்குகிறார். அறுபது நிமிடம் நிறைவுறும்போது அவர் எவ்வளவு தொலைவு கடந்திருக்கிறாரோ அதுவே அவர் பெற்ற சாதனை. முன்னே சென்று காற்றைத் தடுக்கத் துணைவர் இல்லை. முந்திச் செல்ல எதிரியும் இல்லை. உடலும் உள்ளமும் காலமும் மட்டுமே அங்கு உள்ளன.

1893 ஆம் ஆண்டில் இச்சாதனையின் தொலைவு 35.325 கிலோமீட்டராக இருந்தது. 2022 ஆம் ஆண்டில் அது 56.792 கிலோமீட்டராக உயர்ந்தது. இடைப்பட்ட 129 ஆண்டுகளில் 21 கிலோமீட்டருக்கு மேல் கூடியிருக்கிறது. இந்த வளர்ச்சியை ஈட்டித் தந்தவை யாவை? மிதிவண்டி இலகுவாயிற்று, ஓடுகளம் வழவழப்பாயிற்று, காற்றின் தடையை வெல்லும் நுட்பங்கள் தோன்றின. இவை எல்லாம் உண்மையே. ஆயினும் இவற்றோடு வளர்ந்த மற்றொன்று உண்டு. அதுதான் பயிற்சி என்னும் கலை. உடலைப் பழக்குவது எப்படி, எவ்வளவு உழைப்பது, எப்போது ஓய்வது, யார் சொல்லைக் கேட்பது என்னும் வினாக்களுக்கு மனிதர் கண்ட விடைகளின் வரலாறே இந்த ஒருமணி நேரச் சாதனையின் வரலாறாகவும் அமைந்துள்ளது. கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டோர் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் பல அவ்வரலாற்றில் பொதிந்து கிடக்கின்றன.

தனக்குத் தானே துணை

பாரிசு நகரில் பஃபலோ என்னும் பெயர் கொண்ட மிதிவண்டி ஓடுகளம் ஒன்று இருந்தது. 1893 மே மாதம் 11 ஆம் நாள் அங்கு ஹென்றி தெக்ராஞ்ச் என்னும் பிரெஞ்சு இளைஞர் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டினார். முறையாக ஏற்கப்பட்ட முதற் சாதனை அதுவே. மறு ஆண்டில் அவர் பயிற்சி பற்றி நூல் ஒன்றும் எழுதினார். 'தலையும் கால்களும்' என்பது அதன் பெயரின் பொருளாகும். கால்களுக்கு முன்னே தலையை வைத்ததே அவருடைய கருத்தைப் புலப்படுத்தும். அறிவு வழிநடத்தாத கால்கள் நெடுந்தொலைவு செல்லா என்பதை அக்காலத்திலேயே உணர்ந்தவர் அவர்.

பின்னர் 1903 ஆம் ஆண்டில், தாம் ஆசிரியராக இருந்த விளையாட்டு நாளேட்டின் சார்பில், பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும் மிதிவண்டிப் போட்டியை அவர் தொடங்கினார். அப்போட்டியில் அவர் வகுத்த விதிகள் கடுமையானவை. வீரன் எவருடைய துணையுமின்றித் தன் ஆற்றலால் மட்டுமே வெல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. 1913 ஆம் ஆண்டுப் போட்டியில் யூஜின் கிறிஸ்தோஃப் என்னும் வீரருடைய வண்டியின் முன்கவை மலைப்பாதையில் முறிந்துவிட்டது. அவர் வண்டியைத் தோளில் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் மலையிறங்கி, சிற்றூர் ஒன்றிலிருந்த கொல்லன் பட்டறையை அடைந்தார். தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்து முன்கவையைச் செப்பனிட்டார். அப்போது சிறுவன் ஒருவன் துருத்தி ஊதி உதவினான். பிறர் உதவியை ஏற்றார் என்று கூறி நடுவர்கள் அவருக்குத் தண்டனை நேரம் விதித்தார்கள். மலைகளில் பற்சக்கரம் மாற்றும் கருவியைப் பயன்படுத்த அப்போட்டியில் 1937 வரை வீரர்களுக்கு இசைவு இல்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

துன்பமே சிறந்த ஆசான் என்னும் இந்தக் கொள்கை வீரத்தைப் போற்றுவது போலத் தோன்றும். ஆனால் அது தேர்ந்தெடுக்கும் முறையே அன்றிக் கற்பிக்கும் முறையன்று. வலியவர் எஞ்சினர்; மெலியவர் விலகினர். விலகியவருள் எத்தனை பேர் தக்க வழிகாட்டி இருந்திருந்தால் வென்றிருப்பார்கள் என்று அக்காலத்தில் யாரும் கேட்கவில்லை. ஆஸ்கார் எக் என்னும் சுவிட்சர்லாந்து வீரரும் மார்செல் பெர்த்தே என்னும் பிரெஞ்சு வீரரும் மாறிமாறிச் சாதனையை முறியடித்துக் கொண்டு வந்தனர். இறுதியில் 1914 ஆம் ஆண்டில் எக் 44.247 கிலோமீட்டர் ஓட்டினார். அதன்பின் 1933 வரை, ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள், அத்தொலைவை எவராலும் கடக்க இயலவில்லை. போரும் அதற்கொரு காரணமே. எனினும் உடலைப் பற்றிய அறிவு வளராமல் உறுதியை மட்டும் நம்பிய முறை ஒரு சுவரில் முட்டி நின்றது எனலாம்.

கைப்பையும் குப்பியும்

அக்காலத்தில் பயிற்றுநர்களே இல்லை என்று கருதிவிடலாகாது. இங்கிலாந்தைச் சேர்ந்த 'சாப்பி' வார்பர்ட்டன் என்பவர் 1890களில் பெரும்புகழ் பெற்றிருந்தார். அவரே முன்னாளில் ஓட்டப்பந்தய வீரர். வேல்சு நாட்டின் அபெராமன் என்னும் சுரங்க ஊரிலிருந்து வந்த ஜிம்மி மைக்கேல், ஆர்தர் லிண்டன் முதலிய இளைஞர்களை அவர் பயிற்றுவித்தார். மைக்கேல் 1895 ஆம் ஆண்டில் உலக வாகையர் பட்டத்தை வென்றார். பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லொத்ரெக் வரைந்த விளம்பர ஓவியம் ஒன்றில், ஓடுகளத்தின் அருகே கைப்பையைத் திறந்து கொண்டிருக்கும் மனிதராக வார்பர்ட்டன் இன்றும் காட்சியளிக்கிறார்.

அந்தக் கைப்பையிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த சிறு குப்பியே அவரைப் பற்றிய பேச்சுகளுக்கெல்லாம் காரணமாயிற்று. சோர்ந்திருந்த வீரன் அதைக் குடித்ததும் புத்துயிர் பெற்றான் என்று பார்வையாளர் வியந்தனர். குப்பியில் இருந்தது யாது என்பது இறுதிவரை மெய்ப்பிக்கப்படவில்லை. ஆர்தர் லிண்டன் 1896 ஆம் ஆண்டில் இறந்தார். நச்சுக்காய்ச்சலே காரணம் என்று பதிவாயிற்று. ஆயினும் ஐயம் அகலவில்லை. வார்பர்ட்டன் இங்கிலாந்தின் ஓடுகளங்களிலிருந்து விலக்கப்பட்டார். 1897 ஆம் ஆண்டில் மறைந்தார்.

அவர் குற்றவாளியா அல்லரா என்பதை இன்று முடிவு செய்ய இயலாது. ஆனால் அவர் காலத்துப் பயிற்சி முறையின் குறை ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பயிற்றுநருடைய அறிவு அவருடைய பைக்குள் பூட்டிக் கிடந்தது. தனக்குத் தரப்படுவது என்ன, ஏன் தரப்படுகிறது என்பதை வீரன் அறியவில்லை. கற்பவனிடம் மறைக்கப்படும் அறிவு கல்வியாகாது. அது வித்தை காட்டுதலே. பிற்காலத்தில் மிதிவண்டித் துறையைச் சூழ்ந்த பெரும் இருளின் விதை இங்கேயே விழுந்திருந்தது.

விரல்களால் கண்ட ஆசான்

வடஇத்தாலியில் நோவி லிகுரே என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் பியாஜோ கவன்னா என்பவர் வாழ்ந்தார். உடம்பு பிடித்துவிடுவது அவர் தொழில். புகழ்பெற்ற வீரர் கோஸ்தாந்தே ஜிரார்தெங்கோவிற்கு அவர் துணையாக இருந்தவர். நடுவயதில் அவர் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். பார்வை போன பின்னரும் அவர் தம் பணியை விட்டுவிடவில்லை. இளைஞர்களின் தசைகளைத் தடவிப் பார்த்தும், நாடித்துடிப்பை எண்ணியும், மூச்சின் ஓசையைக் கேட்டும் அவர்களுடைய திறனை அறிந்தார். தம் இல்லத்தையே பயிற்சிக் கூடமாக்கி, உணவு, உறக்கம், உழைப்பு ஆகியவற்றிற்குக் கண்டிப்பான ஒழுங்கு வகுத்தார்.

அவ்வூரின் இறைச்சிக் கடை ஒன்றில் பொருள்களை மிதிவண்டியில் கொண்டு சேர்க்கும் வேலை செய்த மெலிந்த சிறுவன் ஒருவன் கவன்னாவிடம் வந்தான். நீண்ட கால்களும் ஒடுங்கிய தோள்களும் கொண்ட அவனைப் பார்த்தவர்கள் வீரன் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். பார்வையற்ற கவன்னா மட்டுமே அவனுடைய ஆற்றலைக் கண்டார். அச்சிறுவனே ஃபவுஸ்தோ கோப்பி. 1940 ஆம் ஆண்டில், தம் இருபதாம் வயதில், அவர் இத்தாலியைச் சுற்றிவரும் பெரும் போட்டியில் வாகை சூடினார். 1942 நவம்பர் 7 ஆம் நாள், உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், மிலான் நகர ஓடுகளத்தில் ஒரு மணி நேரத்தில் 45.798 கிலோமீட்டர் ஓட்டினார். அடுத்த ஆண்டில் அவர் படைவீரராக வட ஆப்பிரிக்காவில் பிரித்தானியரிடம் சிறைப்பட்டார். போர் முடிந்து திரும்பிய பின்னர் இத்தாலியப் போட்டியை மேலும் நான்கு முறையும் பிரெஞ்சுப் போட்டியை 1949, 1952 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். அவர் நிறுவிய ஒருமணி நேரச் சாதனை 1956 வரை நிலைத்தது.

கவன்னாவிடம் ஆய்வுக்கூடம் இல்லை. அளவைக் கருவிகளும் இல்லை. ஒவ்வொரு மாணவனையும் தனித்தனியே அறிந்துகொள்ள வேண்டும் என்னும் உணர்வு மட்டுமே இருந்தது. அனைவருக்கும் ஒரே அளவான உழைப்பை விதிக்காமல், இன்று இவன் உடல் எதைத் தாங்கும் என்று தொட்டுப் பார்த்துச் சொன்னார். பின்னாளில் அறிவியல் கருவிகள் செய்த பணியை அவர் விரல்கள் செய்தன. எனினும் அக்கால வழக்கத்தின் கறை கோப்பியையும் விட்டுவைக்கவில்லை. ஊக்க மருந்துகளைப் பயன்படுத்தியதை அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அன்று அதைத் தடுக்கும் விதி இல்லை. தவறென்று கருதியோரும் சிலரே.

ஓய்வும் பயிற்சியே

இதே காலத்தில் ஓட்டப்பந்தயத் துறையில் பெரும் மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. ஆங்கிலேய அறிவியலறிஞர் ஏ. வி. ஹில் 1920களில் ஓடும் மனிதன் எவ்வளவு உயிர்வாயுவை உட்கொள்கிறான் என்று அளந்து காட்டினார். உடலுக்கு உயிர்வாயுவைப் பயன்படுத்துவதில் ஓர் உச்ச அளவு உண்டு என்பது புலனாயிற்று. செருமனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்னும் பயிற்றுநரும், ஹெர்பர்ட் ரைண்டெல் என்னும் இதயநோய் மருத்துவரும் இணைந்து இடைவெளிப் பயிற்சி என்னும் முறையை அறிவியல் அடிப்படையில் வகுத்தனர். வீரன் குறுந்தொலைவை விரைந்து ஓடுவான். அவனுடைய நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 180 வரை உயரும். பின்னர் அவன் ஓய்ந்திருப்பான். துடிப்பு 120க்கு இறங்கியதும் மீண்டும் ஓடுவான். ஒன்றரை நிமிடத்திற்குள் துடிப்பு இறங்காவிட்டால் அன்றைய உழைப்பு அவனுக்கு மிகையாயிற்று என்று பொருள். கெர்ஷ்லரின் மாணவர் ருடோல்ஃப் ஹார்பிக் 1939 ஆம் ஆண்டில் 800 மீட்டர் தொலைவை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். அச்சாதனை பதினாறு ஆண்டுகள் நிலைத்தது.

இம்முறையில் கருதத்தக்கது அதன் பெயரே. ஓட்டத்தின் பெயரால் அன்றி இடைவெளியின் பெயரால் அது வழங்குகிறது. இதயம் வலுப்பெறுவது பெரிதும் ஓய்வு வேளையில்தான் என்று அவ்விருவரும் கருதினர். அதுவரை ஓய்வு என்பது சோம்பலின் மறுபெயராகக் கருதப்பட்டது. இப்போது அது பாடத்தின் ஒரு பகுதியாயிற்று. செக்கோசுலோவாக்கிய நாட்டின் எமில் ஸாட்டோபெக் 400 மீட்டர் ஓட்டத்தை ஒரே நாளில் பன்முறை திரும்பத் திரும்ப ஓடிப் பழகினார். 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவர் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் பொன் வென்றார். அவர் அதற்குமுன் மாரத்தான் ஓடியதே இல்லை.

நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டு வேறொரு வழியைக் கண்டார். அவர் காலணித் தொழிற்சாலையில் பணியாற்றியவர், பல்கலைக்கழகம் கண்டவரல்லர். தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கி, எவ்வளவு ஓடினால் நலம், எவ்வளவு ஓடினால் கேடு என்று ஆண்டுக்கணக்கில் ஓடிப் பார்த்தார். கிழமைக்கு நூறு மைல், அஃதாவது ஏறத்தாழ 160 கிலோமீட்டர், மூச்சுத் திணறாத நிதான வேகத்தில் ஓடி அடித்தளம் இட வேண்டும். அதன் மேல்தான் விரைவை எழுப்ப வேண்டும் என்பது அவர் முடிவு. 800 மீட்டர் ஓடும் வீரரையும் அவர் 35 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஓடவைத்தார். பலர் நகைத்தனர். 1960 ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்கள் பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும், மரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் பொன் வென்றனர். ஹால்பெர்க் ஒரு கை செயல் குன்றியவர். நகைப்பு அத்துடன் ஓய்ந்தது.

உடல் நெருக்கடிக்கு உள்ளாகி, அதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. நெருக்கடி மிகுந்தால் சோர்ந்து வீழ்கிறது என்று ஹன்ஸ் செல்யே 1936 ஆம் ஆண்டில் விளக்கியிருந்தார். சோவியத் அறிஞர் லெவ் மத்வேயெவ் 1960களில் ஓராண்டுப் பயிற்சியைப் பல பருவங்களாகப் பகுத்து, விதைப்பு, வளர்ச்சி, அறுவடை என்பதுபோல் ஒழுங்குபடுத்தும் முறையைப் பரப்பினார். நாள்தோறும் கடுமை என்னும் பழைய கொள்கை மறைந்து, கடுமைக்கும் மென்மைக்கும் உரிய காலம் அறியும் கொள்கை வேரூன்றியது. இக்கருத்துகள் யாவும் காலப்போக்கில் மிதிவண்டி வீரர்களையும் வந்தடைந்தன.

மெல்லிய காற்றும் கனத்த நிழலும்

பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972 ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் போட்டியையும் இத்தாலியப் போட்டியையும் வென்ற பின்னர், அக்டோபர் 25 ஆம் நாள் மெக்சிகோ நகரில் ஒருமணி நேரச் சாதனைக்கு முயன்றார். அந்நகர் கடல்மட்டத்திற்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. அங்கு காற்று மெலிந்திருப்பதால் வண்டியைத் தடுக்கும் விசை குறையும். ஆனால் வீரனுக்குக் கிடைக்கும் உயிர்வாயுவும் குறையும். ஆகவே மெர்க்ஸ் புறப்படுமுன் தம் வீட்டிலேயே நிலைவண்டியில் அமர்ந்து, உயிர்வாயு குறைக்கப்பட்ட காற்றை முகமூடி வழியே சுவாசித்துப் பழகினார். அவர் ஓட்டிய தொலைவு 49.431 கிலோமீட்டர். தாம் பட்ட துன்பங்களுள் அதுவே மிகப் பெரிது என்று கூறிய அவர் மீண்டும் அதற்கு முயலவில்லை.

அதே மெக்சிகோ நகரில் 1984 சனவரி 19, 23 ஆகிய இரு நாள்களில் இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் முறையே 50.808, 51.151 கிலோமீட்டர் ஓட்டினார். அவருக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. அவருக்குப் பின்னால் பேராசிரியர் பிரான்செஸ்கோ கொன்கோனியின் தலைமையில் மருத்துவர், பொறியாளர் குழு ஒன்று நின்றது. வேகம் கூடக்கூட உயரும் நாடித்துடிப்பு எந்த இடத்தில் தன் போக்கை மாற்றுகிறது என்று கண்டு, அதைக் கொண்டு பயிற்சியின் அளவை வகுக்கும் சோதனையைக் கொன்கோனி 1982 ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தார். கம்பியின்றி நாடித்துடிப்பைக் காட்டும் கருவியைப் பின்லாந்தின் போலார் நிறுவனம் அதே காலத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆரமில்லாத தட்டுச் சக்கரங்கள் காற்றைக் கிழித்தன. அறிவியல் வென்றது என்று உலகம் கொண்டாடியது.

ஆனால் முழுக்கதை அதுவன்று. அச்சாதனைக்குத் தம் இரத்தத்தையே முன்னதாக எடுத்துச் சேமித்து மீண்டும் உடலில் ஏற்றிக்கொண்டதை மோசர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அவர் அதைச் செய்தபோது அம்முறைக்குத் தடை இல்லை. தடை அடுத்த ஆண்டுகளில்தான் வந்தது. மருந்தின் கொடுமையை உலகம் அதற்கு முன்பே கண்டிருந்தது. 1967 சூலை 13 ஆம் நாள் பிரெஞ்சுப் போட்டியில் வான்டூ மலை ஏறும்போது இங்கிலாந்தின் டாம் சிம்ப்சன் சுருண்டு விழுந்து இறந்தார். அவருக்கு வயது இருபத்தொன்பது. கடும் வெப்பமும் ஊக்க மருந்தும் சேர்ந்து அவர் உயிரைக் குடித்தன. களைப்பு என்பது உடல் விடுக்கும் எச்சரிக்கை. மருந்து அந்த எச்சரிக்கையை அணைத்தது, ஆபத்தை அணைக்கவில்லை.

மோசரின் குழுவில் இருந்த இளம் மருத்துவர்களுள் மிக்கேலே ஃபெராரி ஒருவர். அவரே பிற்காலத்தில் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் வழிகாட்டியானார். 2012 ஆம் ஆண்டில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு இருவருக்கும் வாழ்நாள் தடை விதித்தது. ஆம்ஸ்ட்ராங் பெற்ற ஏழு பிரெஞ்சுப் போட்டி வெற்றிகளும் பறிக்கப்பட்டன. வார்பர்ட்டன் காலத்தில் அறிவு குறைவாக இருந்தது, குப்பி இருந்தது. ஃபெராரி காலத்தில் அறிவு மிகுதியாக இருந்தது. அப்போதும் குப்பி இருந்தது. அறிவு பெருகினால் மட்டும் ஆசிரியம் உயர்ந்துவிடாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

ஆய்வுக்கூடமும் பழைய இயந்திரமும்

1990களில் பிரித்தானியாவில் இருவேறு வழிகள் ஒரே இலக்கை நோக்கிச் சென்றன. கிறிஸ் போர்டுமன் மரவேலை கற்றவர். அவருக்குப் பீட்டர் கீன் என்னும் இளம் விளையாட்டு அறிவியலாளர் பயிற்றுநரானார். கீன் தம் மாணவருக்குக் கட்டளைகளை மட்டும் தரவில்லை; காரணங்களையும் தந்தார். ஒவ்வொரு பயிற்சியும் எதற்காக, உடலில் என்ன மாற்றத்தை அது உண்டாக்கும் என்று இருவரும் கூடி ஆராய்ந்தனர். 1992 ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் 4,000 மீட்டர் துரத்தல் ஓட்டத்தில் போர்டுமன் பொன் வென்றார். மிதிவண்டித் துறையில் பிரித்தானியா எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் பெற்ற முதற் பொன் அது.

ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரிக்குப் பயிற்றுநர் இல்லை. பெரு நிறுவனத்தின் ஆதரவும் இல்லை. துணி துவைக்கும் இயந்திரத்தின் உறுப்பு ஒன்றையும் சேர்த்துத் தம் கையாலேயே வண்டி செய்தார். கைகளை மார்பின் கீழ் மடித்து அமரும் புதிய நிலையைத் தாமே கண்டறிந்தார். 1993 சூலை 16 ஆம் நாள் நார்வே நாட்டின் ஹாமார் நகரில் சாதனைக்கு முயன்று தோற்றார். மறுநாளே மீண்டும் முயல முடிவு செய்தார். இரவில் தசைகள் இறுகிவிடாமல் இருக்க நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். சிறுநீர் கழிக்க எழும்போதெல்லாம் தசைகளை நீட்டித் தளர்த்தினார். காலையில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி மோசரின் சாதனையை முறியடித்தார். ஆறு நாள்கள் கழித்துப் போர்தோ நகரில் போர்டுமன் 52.270 கிலோமீட்டர் ஓட்டி அதை வென்றார். 1994 ஏப்ரலில் ஓப்ரி 52.713 கிலோமீட்டர் ஓட்டி மீட்டுக்கொண்டார். ஒருவர் ஆசானிடம் முறையாகக் கற்றார்; மற்றவர் தாமே ஆசானும் மாணவருமானார். இருவரிடமும் பொதுவாக இருந்தது ஏன் என்று கேட்கும் மனம்.

செருமனியின் உல்ரிக் ஷோபெரர் 1986 ஆம் ஆண்டில் உருவாக்கிய ஆற்றல்மானி இக்காலத்தில் பரவியது. மிதிதண்டில் வீரன் செலுத்தும் விசையை அளந்து, அவன் உழைப்பை 'வாட்' கணக்கில் அது காட்டியது. நாடித்துடிப்பு வெயிலாலும் அச்சத்தாலும் உறக்கக் குறைவாலும் மாறும். 'வாட்' அளவு அங்ஙனம் மாறாது. ஒரு வீரன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தொடர்ந்து செலுத்தக்கூடிய ஆற்றலையே அடிப்படை அளவாகக் கொண்டு பயிற்சித் திட்டம் வகுக்கும் வழக்கம் பின்னர் நிலைபெற்றது. தெக்ராஞ்ச் ஓட்டிய அந்த ஒரு மணி நேரமே இன்று சிற்றூர் இளைஞனின் பயிற்சிக்கும் அளவுகோலாக நிற்கிறது. சிறந்த வீரர்களின் பயிற்சியை நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் ஆராய்ந்தபோது, ஐந்து பயிற்சிகளுள் ஏறத்தாழ நான்கு மென்மையாகவும் ஒன்றே கடுமையாகவும் இருக்கக் கண்டார். கருவியின்றி லிடியார்டு கண்ட உண்மை கருவிகளாலும் பெரிதும் உறுதிப்பட்டது.

புறக்கணிக்கப்பட்ட பாதி

இவ்வரலாற்றில் பெண்களுக்கு இடம் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. பெண்களுக்கான ஒருமணி நேரச் சாதனை 1955 ஆம் ஆண்டில்தான் முறையாக ஏற்கப்பட்டது. சோவியத் வீராங்கனை தமாரா நோவிக்கோவா 38.473 கிலோமீட்டர் ஓட்டி அதைத் தொடங்கிவைத்தார். ஒலிம்பிக்கில் பெண்களின் மிதிவண்டிப் போட்டி 1984 வரை இடம்பெறவில்லை.

திறமை இன்மையால் நேர்ந்த தாமதமன்று இது. இங்கிலாந்தின் பெரில் பர்ட்டன் பண்ணை வேலை செய்துகொண்டே பயிற்சி பெற்றவர். 1967 ஆம் ஆண்டில் நடந்த பன்னிரண்டு மணி நேரப் போட்டியில் அவர் 277.25 மைல், அஃதாவது 446 கிலோமீட்டர் ஓட்டினார். அன்று ஆண்களில் முதல்வராக வந்து ஆண்களுக்கான புதிய சாதனையை நிறுவியவரையும் அவர் வழியில் முந்திச் சென்றார். முந்தும்போது அவருக்கு ஓர் இனிப்புத் துண்டையும் நீட்டினார். 2023 ஆம் ஆண்டில் இத்தாலியின் விட்டோரியா புஸ்ஸி மெக்சிகோ நாட்டில் 50.267 கிலோமீட்டர் ஓட்டி, ஒரு மணி நேரத்தில் 50 கிலோமீட்டரைக் கடந்த முதற் பெண்மணியானார். அவர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். வகுப்பறையில் பின்வரிசைக்கு ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடம் எத்தகைய ஆற்றல் உறங்குகிறது என்பதை இவ்விருவருடைய வாழ்வும் உணர்த்தும்.

பத்து மீட்டர்

போர்டுமன் 1996 ஆம் ஆண்டில், புதிய அமர்வு நிலையில், 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். வெல்வது மனிதனா வண்டியா என்னும் ஐயம் வலுத்தது. ஆகவே உலக மிதிவண்டி ஒன்றியம் 2000 ஆம் ஆண்டில் விதியை மாற்றி, மெர்க்ஸ் ஓட்டியது போன்ற எளிய வண்டியில் பெறுவதே சாதனை என்று அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபர் 27 ஆம் நாள் மான்செஸ்டர் நகரில் போர்டுமன் அத்தகைய வண்டியில் ஏறினார். ஓட்டத்தின் பெரும்பகுதியில் பின்தங்கியிருந்தவர் இறுதியில் விரைந்து 49.441 கிலோமீட்டரை எட்டினார். மெர்க்ஸைவிடப் பத்து மீட்டர் கூடுதல். அத்துடன் அவர் ஓய்வு பெற்றார்.

இருபத்தெட்டு ஆண்டுக் கால அறிவியல் வளர்ச்சி பத்து மீட்டரைத்தானா தந்தது என்று சிலர் எள்ளினர். மெர்க்ஸ் ஓடியது காற்று மெலிந்த மலைநகரில் என்பதை அவர்கள் மறந்தனர். எனினும் அப்பத்து மீட்டர் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. கருவியின் துணையை நீக்கிவிட்டால் எஞ்சி நிற்பது எவ்வளவோ, அதுவே மனிதன் உண்மையில் கற்றுக்கொண்டது. தேர்வுக்கு உதவும் குறிப்பேடுகளையும் மாதிரி விடைகளையும் அகற்றிவிட்டால் மாணவனிடம் எஞ்சுவது எவ்வளவு என்பதும் இத்தகைய வினாவே.

விஞ்சச் செய்த வழிகாட்டி

2014 ஆம் ஆண்டில் விதி மீண்டும் தளர்த்தப்பட்டது. பலர் முயன்றனர், சாதனை படிப்படியாக உயர்ந்தது. 2022 ஆகஸ்டு 19 ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் கிரென்சன் நகரில் இங்கிலாந்தின் டான் பிகம் 55.548 கிலோமீட்டர் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். அவர் பொறியாளர். இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா ஓட்டிய குழுவில் வீரர்களின் வேகத்தை மேம்படுத்தும் பொறுப்பில் இருந்தவர். வண்டியின் அமைப்பு, உடலின் நிலை, வேகத்தைப் பங்கிடும் முறை ஆகியவற்றைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்து, உலகில் முதல்வரானார்.

அவர் தாம் கண்டறிந்தவற்றைத் தமக்குள் பூட்டி வைத்திருக்கலாம். பிகம் அவ்வாறு செய்யவில்லை. தம்மைவிட வலிய கன்னாவுக்கு அவையனைத்தையும் எடுத்துரைத்து, அவருடைய முயற்சிக்குத் துணை நின்றார். அதே ஓடுகளத்தில் அக்டோபர் 8 ஆம் நாள் கன்னா 56.792 கிலோமீட்டர் ஓட்டினார். பிகமின் சாதனை ஐம்பது நாள்களில் மறைந்தது. மறைவதற்கு அவரே உழைத்தார்.

பயிற்சி வரலாற்றின் இரு முனைகளும் இங்கே எதிரெதிராக நிற்கின்றன. ஒரு முனையில் வார்பர்ட்டனின் மூடிய கைப்பை. மறு முனையில் பிகமின் திறந்த ஏடு. இவற்றின் இடையே கவன்னாவின் விரல்களும், கெர்ஷ்லரின் இடைவெளியும், லிடியார்டின் மலைப்பாதையும், கீனின் விளக்கமும் அமைந்துள்ளன. மாணவனைத் தனித்து அறிதல், உழைப்போடு ஓய்வையும் வகுத்தல், அடித்தளம் உறுதியாகும் வரை பொறுத்தல், காரணத்தை மறைக்காது கூறுதல், குறுக்கு வழியை மறுத்தல் ஆகிய ஐந்தும் மிதிவண்டி ஓடுகளத்திற்கு மட்டும் உரியவை அல்ல. கரும்பலகையின் முன் நிற்போருக்கும் அவை உரியவையே. சிம்ப்சனின் முடிவு நினைவூட்டுவது போல, இவற்றுள் ஒன்றைக் கைவிட்டாலும் அதற்கு விலை கொடுப்பவன் பெரும்பாலும் ஆசிரியன் அல்லன், மாணவனே.

சாதனைகள் மீண்டும் முறியடிக்கப்படும். எண்கள் மாறும், பெயர்களும் மாறும். தன்னை விஞ்சும் மாணவனை உருவாக்கி, அவ்வெற்றியைக் கண்டு மகிழும் வழிகாட்டி இருக்கும் வரையில் அந்த ஒரு மணி நேரத்தின் தொலைவு நீண்டுகொண்டே செல்லும்.